பேசும் பிள்ளையும் பெற்றோரின் வழிபாடும்

நம் நாட்டின் ருக்குன் நெகாரா 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் ஐந்து கோட்பாடுகளுள் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். இந்நம்பிக்கை திருவிழாக் காலங்களில் மட்டும் வளர்வதன்று. நாள்தோறும் சிறிது நேரம் மனத்தை ஒருநிலைப்படுத்தி இறைவனை நினைப்பதாலேயே அது வேரூன்றுகிறது. ஆனால், ஓயாமல் பேசும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அந்த அமைதியை எவ்வாறு பெறுவது?

பால்மரம் வெட்டும் குடும்பத்தில் இக்கேள்வி இன்னும் கடினமானது. வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டினால்தான் பால் நன்கு வடியும். ஆகவே, தாய் இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையிலோ பாட்டியிடமோ விட்டுவிட்டுப் பெரட்டுக்கு விரைகிறாள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது, காலை முதல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பிள்ளை ஒருங்கே கொட்டுகிறது. மாலையில் அவள் விளக்கேற்றிக் கண்களை மூடினால், “அம்மா, சாமி சாப்பிடுமா?” என்று சேலையைப் பிடித்து இழுக்கிறது.

இந்நிலையில் சிலர் பிள்ளையை அதட்டுகின்றனர். சிலர் வழிபாட்டையே விட்டுவிடுகின்றனர். இரண்டும் தீமையே. அதட்டப்படும் பிள்ளைக்குச் சாமி மேடை என்பது திட்டு வாங்கும் இடமாகிவிடும். வழிபாட்டைக் கைவிடும் தாயோ, உழைத்துக் களைத்த மனத்திற்குக் கிட்டும் ஒரே ஓய்வையும் இழந்துவிடுவாள்.

பிள்ளை ஏன் ஓயாது பேசுகிறது?

அது குறும்பினால் மட்டும் பேசுவதில்லை. இளம் பிள்ளைகள் விளையாடும்போது தமக்குத் தாமே பேசிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். ரஷ்ய உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி, 1934இல் வெளிவந்த தம் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். பிள்ளை வாய்விட்டுப் பேசும் இப்பேச்சே, வயது ஏற ஏற உள்ளடங்கிச் சிந்தனையாக மாறுகிறது என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், இன்றைய பேச்சு நாளைய சிந்தனையின் வித்தாகும். நம் வழிபாடும் அத்தகையதன்றோ? சிறு வயதில் உரக்கச் சொல்லிப் பழகியதையே பெரியவர்களாகிய நாம் மனத்துக்குள் சொல்கிறோம்.

சமயங்கள் காட்டும் வழி

குழந்தையை வழிபாட்டுக்குப் பகையாகச் சமயங்கள் கருதவில்லை. சீர்காழிக் குளத்தில் தந்தை சிவபாத இருதயர் நீராடி, மந்திரம் ஓதி, நீருள் மூழ்கியிருந்தபோது, அவரைக் காணாது கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளையே திருஞானசம்பந்தர் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. அக்குழந்தையின் அழுகைக்கு இறைவனே இரங்கினான் என்பது அவ்வரலாறு. தொழுகையின்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் வருந்துமே என்று நபிகள் நாயகம் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார் என்பது நபிமொழி. குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்களை இயேசுநாதர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம்.

செய்யத் தக்கவை

1. முதலில் செவி கொடுங்கள். வீடு திரும்பியதும் கால்மணி நேரம் பிள்ளையின் கதையை முழுமையாகக் கேளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிள்ளை எளிதில் அமைதியடையும்.

2. பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுங்கள். பூ எடுத்துத் தருவது, மணியடிப்பது, ஒரு வரியைச் சேர்ந்து சொல்வது போன்ற சிறு வேலை ஒன்று அதற்கென்றே இருக்கட்டும். கிறிஸ்தவ, முஸ்லிம் இல்லங்களிலும் பாய் விரிப்பது, வேதநூலைப் பலகையில் வைப்பது முதலியவற்றைச் செய்ய விடலாம்.

3. அமைதிக்கு அளவு காட்டுங்கள். “கொஞ்ச நேரம் பேசாதே” என்றால் பிள்ளைக்கு விளங்காது. கடிகாரத்தின் பெரிய முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்ல ஐந்து நிமிடம் ஆகும். “முள் அங்கே போகும் வரை அம்மா சாமியிடம் பேசுகிறேன். பிறகு உன்னோடு பேசுவேன், கண்ணு” என்று சொல்லுங்கள். சொன்னபடியே முதலில் பிள்ளையிடம் திரும்புங்கள். வாக்குத் தவறினால் மறுநாள் அது காத்திராது.

4. இடையில் பேசினால் அதட்ட வேண்டாம். கண்களைத் திறக்காமலே அதன் தோளில் கை வையுங்கள். ‘கேட்டுவிட்டேன், பொறு’ என்பது அதன் பொருள் என முன்னரே பழக்கிவிடுங்கள். ஆனால் தண்ணீர் கேட்டாலோ, வலி என்றாலோ எழுந்துவிடுங்கள். அவ்வேளையில் அதுவே தொண்டு.

5. கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தந்தை பிள்ளையைத் திடலுக்கு அழைத்துச் சென்றால், தாய்க்குக் கால்மணி நேரம் முழுமையாகக் கிடைக்கும். பிறகு தாய் பார்த்துக்கொள்ளத் தந்தை வழிபடட்டும். பிள்ளையைப் பேணுவது தாய்க்கு மட்டும் உரிய கடமையன்று.

6. கிடைக்கும் வேளையை நழுவவிடாதீர்கள். பிள்ளை நண்பகலில் உறங்கும் நேரமும், மழையால் வேலை நின்ற காலைப் பொழுதும் நமக்குரியவை. விடியுமுன் விளக்கேற்றுவோர், பிள்ளை உறங்கும் வீட்டில் அதனை எரியவிட்டுச் செல்லலாகாது. கொசுவலையும் திரைச்சீலையும் எளிதில் தீப்பற்றும்.

நாள்தோறும் தவறாத ஐந்து நிமிடம், என்றோ ஒருநாள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தினும் மேலானது. தாய் கண்மூடி அமர்ந்திருப்பதையும், பின்னர் முகமலர்ச்சியோடு தன்னிடம் திரும்புவதையும் நாள்தோறும் காணும் பிள்ளை, அமைதி இனியது என்பதை அறிந்துகொள்ளும். ஒரு நாள் அதுவும் தானாகவே அருகில் வந்து அமரும். அதட்டி அடக்கிய வாயில் இத்தகைய அமைதி பிறப்பதில்லை.

சிந்திக்க:

அ. நம் வீட்டு வழிபாட்டில் பிள்ளைக்கென ஒரு வேலை உண்டா?

ஆ. வேலை முடிந்து வந்ததும் பிள்ளையின் பேச்சை எவ்வளவு நேரம் கேட்கிறோம்?

இ. துணைவருக்கு அமைதியான கால்மணி நேரம் கிடைக்க இவ்வாரம் நாம் என்ன செய்யலாம்?