எறிந்த பொருளுக்கும் பெயர் உண்டு



எதையும் வீணாக்காமை எம்மவரின் பழைய பண்பு. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிள் டைனமோ வானொலியை இயக்கிற்று. மீள்சுழற்சி என்னும் சொல்லைப் பாடநூலிற் காணுமுன்பே அதன் பயனை நாம் வாழ்விற் கற்றிருந்தோம். ஆயினும் அந்தப் போத்தலில் முன்பு இருந்தது ஜாம் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருந்தனர். உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத ஒரு பொருள் கைமாறினால் என்ன நேரும்? இந்தியாவில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஏலத்தில் விற்ற கருவி

டில்லிப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் காமாக் கதிர் வீசும் ஆய்வுக் கருவி ஒன்று இருந்தது. கனடாவிலிருந்து வாங்கப்பட்ட அக்கருவி 1985ஆம் ஆண்டின் பின் பயன்படுத்தப்படவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன. 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அது பழைய இரும்பாகக் கருதப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது.

வாங்கியோர் அதனை அந்நகரின் மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தைக்குக் கொண்டு சென்று உடைத்தனர். ஈயக் கவசத்தினுள்ளே கோபால்ட்-60 என்னும் கதிர்வீசும் உலோகம் இருந்தது. வியாபாரி ஒருவர் அதன் சிறு துண்டொன்றைத் தமது பணப்பையில் வைத்திருந்தார். ஏப்ரல் மாதத்தில் பலர் நோயுற்று மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அம்மாத இறுதியில் ஒருவர் உயிரிழந்தார். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அப்பொருள் வந்த வழியைத் தேடிச் சென்று, பல்கலைக்கழகத்தைக் கண்டறிந்து விளக்கம் கோரியது.

ஒரு சிறு கணக்கு

கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுகள். அதாவது, ஒவ்வோர் ஐந்தேகால் ஆண்டுக்கும் அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும். 1985 முதல் 2010 வரை 25 ஆண்டுகள். ஏறக்குறைய ஐந்து முறை பாதியாகியிருக்கும். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என எண்ணிப் பாருங்கள். மீதியாயிருந்தது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. அந்தச் சிறு பங்கே ஓர் உயிரைக் கொண்டு சென்றது. பயன்படுத்துவோர் மறந்துவிட்டதனால் ஒரு பொருள் தன் இயல்பை இழந்துவிடுவதில்லை.

பிரேசில் நாட்டின் கோயானியா நகரிலும் 1987இல் இத்தகைய துயரம் நேர்ந்தது. கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட கருவியினுள் சீசியம்-137 இருந்தது. அது இருளில் நீல ஒளி வீசியமையால் மக்கள் அதனை வியந்து பகிர்ந்துகொண்டனர். நால்வர் இறந்தனர்.

கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம், அதனைக் கல்லாதவர் கண்ணுக்கு ஒரு பூவைப் போலவே தோன்றும். ஆதலால் 2007ஆம் ஆண்டு சர்வதேச அணுசக்தி முகமை, மண்டையோடும் தப்பியோடும் மனித உருவும் கொண்ட புதிய சிவப்புச் சின்னம் ஒன்றை அறிமுகஞ் செய்தது. எம்மொழி பேசுவோரும் எழுத்தறியாதோரும் ஆபத்தை உணர்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பல்கலைக்கழகங்களில் ஒழுங்கு

ஆய்வுகூடக் கழிவுகளைக் கையாளும் ஒழுங்கு எளிய விதிகள் சிலவற்றில் அமைந்துள்ளது.

முதலாவது, பெயரிடுதல். ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளிருக்கும் பொருளின் பெயரும், அபாயக் குறியும் இருத்தல் வேண்டும். பெயர்ச்சீட்டு அழிந்த போத்தலை அப்புறப்படுத்துவதே மிகக் கடினம். உள்ளிருப்பதைச் சோதித்தறியும் வரை அதனை எதனுடனும் சேர்க்க இயலாது.

இரண்டாவது, கலவாமை. சயனைட்டு உப்புடன் அமிலம் சேர்ந்தால் கொடிய நச்சுவாயு எழும். குளோரின் சேர்ந்த கரைப்பான்களும் ஏனைய கரைப்பான்களும் தனித்தனியே சேர்க்கப்படும். தனித்து வைத்த கரைப்பானை வடித்துத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தவும் கூடும். கலந்துவிட்டால் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

மூன்றாவது, ஒப்படைத்தல். கழிவை நீர்த்தொட்டியில் ஊற்றாது, பொறுப்பானவர் கையில் எழுத்துமூலம் ஒப்படைத்தல் வேண்டும். டில்லியில் அறுந்தது இச்சங்கிலியே. அறிந்தவர் மறந்த சுமையை அறியாதவர் சுமந்தனர்.

எமது இல்லங்களில்

ஊர்ப் பாடசாலைகளில் உடைந்த வெப்பமானியின் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடிய பெற்றோர் பலர் இம்மலரை வாசிப்பர். பாதரச ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் பாதரசக் காய்ச்சல்மானிகள் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. பழையதொன்று வீட்டில் இருப்பின் அதனைக் குப்பையில் இடாது, நச்சுக்கழிவு சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படையுங்கள். பழைய பற்றரிகளையும் வீட்டுக் குப்பையில் இடுதல் ஜேர்மனியில் ஆகாது. பற்றரி விற்கும் கடைகளில் அவற்றுக்கெனப் பெட்டி உண்டு. குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தையும் அமிலம் கொண்ட கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு மூச்சைத் தாக்கும். சமையற் பொருள் வந்த போத்தலில் இரசாயனத் திரவத்தை ஊற்றி வைக்கும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று.

மாணவச் செல்வங்களே! வால்டோர்ஃபிற்கு வடக்கே 1386இல் நிறுவப்பட்ட ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தெற்கே கார்ல்ஸ்ரூ இருக்கின்றது. நாளை உங்களுள் சிலர் அங்குள்ள ஆய்வுகூடங்களில் வெண்ணிற மேலங்கி அணிந்து நிற்பீர்கள். உங்கள் பரிசோதனை முடிந்த பின் எஞ்சியதைத் தூக்கிச் செல்பவர் உங்கள் மொழியையோ பாடத்தையோ அறியாதவராக இருக்கலாம். இந்நாட்டிற்கு வந்த தொடக்கத்தில் எம்மவருள் எத்தனையோ பேர் அத்தகைய பணிகளைச் செய்தே பிள்ளைகளை வளர்த்தனர். அக்கைகளுக்குத் தீங்கு நேராதபடி எழுதி ஒட்டப்படும் ஒரு சிறு பெயர்ச்சீட்டும் கல்வியின் பயனே.

பயிற்சி

1. வீட்டிலுள்ள துப்புரவுத் திரவங்களிற் சிவப்பு விளிம்புடைய சாய்சதுரக் குறிகளைத் தேடி, அவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக.

2. அரைவாழ்வுக் காலம் ஐந்தேகால் ஆண்டுகளாயின், 21 ஆண்டுகளின் பின் எஞ்சும் பங்கு எவ்வளவு?

3. டில்லிக் கருவியின் மேல் ஒட்டத்தக்க எச்சரிக்கை வாசகம் ஒன்றைப் பத்துச் சொற்களுக்குள் தமிழில் அமைக்க.