டிரையர் நின்றும் துணி காயவில்லையா?

அமெரிக்க, கனடிய வீடுகளில் டிரையர் பாதியிலேயே நின்று, துணி ஈரமாகவே கிடந்தால் உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். டிரம்முக்குள், பெரும்பாலும் பஞ்சு வடிகட்டிக்கு அருகே, இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அவைதான் ஈரப்பத சென்சார். ஈரத்துணி இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மெல்லிய மின்னோட்டம் பாயும்; அது நின்றால் துணி காய்ந்ததாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும். டிரையர் ஷீட்டின் மெழுகு போன்ற பிசுக்கு பட்டைகளில் படிந்தால் இந்தக் கணக்கு தப்பும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓரிரு சட்டைகளை மட்டும் போட்டாலும் இதே தொல்லைதான். அவை பட்டையில் சரியாகப் படுவதில்லை.

நேரம் குறித்து ஓட்டும்போது நன்றாகக் காய்ந்தால், சென்சார் மீதுதான் சந்தேகம்.

டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் முதலில் பிரேக்கரைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, கனடாவில் உள்ள மின்சார டிரையர்கள் பொதுவாக 240 வோல்ட்டில் இயங்குபவை. ஒரு பக்கம் மின்சாரம் போனாலும் மீதி 120 வோல்ட்டில் மோட்டார் ஓடக்கூடும். அடுத்தது தெர்மல் ஃபியூஸ். அது எரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் காற்றுக்குழாயில் பஞ்சு அடைத்திருந்தால் புதிய ஃபியூஸும் எரியும், தீ விபத்தும் நேரலாம். ஓடும்போது வெளிச்சுவரில் உள்ள குழாய் வாயில் காற்று பலமாக வருகிறதா என்று கைவைத்துப் பார்ப்பது அவசியம். பிளாஸ்டிக் குழாய் இருந்தால் விறைப்பான உலோகக் குழாயாக மாற்றிவிட வேண்டும்.