யு.பி.எஸ்.ஸில் இரண்டு பேட்டரி: மக்கர் செய்வது எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் மானிட்டர் எத்தனை அங்குலம், ராம் எத்தனை ஜி.பி. என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். யு.பி.எஸ்.ஸை மட்டும் "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று கடைக்காரரிடமே விட்டுவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் கரண்ட் போகும். கீச் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும். டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் ஃபைலே கெட்டுப்போகலாம்.

உடனே "யு.பி.எஸ். போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். பெரும்பாலும் போனது பேட்டரிதான். அதிலும் இரண்டு பேட்டரி உள்ள யு.பி.எஸ். என்றால், போனது ஒன்று மட்டுமாகவும் இருக்கலாம்.

பொதுவாக 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி ஒன்று இருக்கும். 1000 வி.ஏ. வகைகளில் பலவற்றில் அதே பேட்டரி இரண்டு இருக்கும். டார்ச் லைட்டில் செல்களை அடுத்தடுத்துப் போடுவது போல, ஒன்றின் பிளஸ் முனையை மற்றதன் மைனஸ் முனையோடு ஒரு சிறிய ஒயரால் சேர்த்திருப்பார்கள். 12-உம் 12-உம் சேர்ந்து 24 வோல்ட். இந்தத் தொடர் இணைப்பில் ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் போயாக வேண்டும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் வண்டியே நின்றுவிடுவது போலத்தான்.

பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 24 வோல்ட்டை 7-ஆல் பெருக்கினால் 168 வாட் மணி. கம்ப்யூட்டரும் மானிட்டரும் 200 வாட் எடுத்தால், யு.பி.எஸ். தன் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 250 வாட் இழுக்கும். கணக்குப்படி 40 நிமிடம் வர வேண்டும். ஆனால் 7 ஏ.எச். என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற அளவு. வேகமாக இழுத்தால் பாதிதான் மிஞ்சும். ஆகவே புதுப் பேட்டரியிலேயே 20 நிமிடம் வந்தால் அது சரியான அளவுதான். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர் இழுக்கும் இழுப்புக்கு இந்தச் சின்னப் பேட்டரிகள் தாங்காது.

இனி சோதனை. யு.பி.எஸ்.ஸை 10 மணி நேரம் சார்ஜ் ஆக விடுங்கள். பிறகு அதை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். பல மலிவு விலை யு.பி.எஸ்.களில் பேட்டரி முனைகளும் வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். 12 வோல்ட்தானே என்று பிளக் மாட்டியிருக்கும்போது தொட்டால் ஷாக் அடிக்கும். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, பேட்டரிகளை இணைக்கும் நடு ஒயரை முதலில் எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஒயர் நுனியில் உள்ள கிளிப் தளர்ந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பேட்டரிகளின் தகட்டு முனை 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என இரண்டு அகலங்களில் வருகிறது. பெரிய கிளிப்பைச் சின்ன முனையில் செருகியிருந்தால் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். நல்ல பேட்டரியையே கெட்டதாகக் காட்டும் கோளாறு இது.

பிறகு மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முழு சார்ஜில் ஏறக்குறைய 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் காலி. ஒன்று 12.8, மற்றது 10.6 என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் 2 வோல்ட் அறைகள் ஆறு உண்டு. அதில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டுமே 12.7 காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட் பல நேரம் ஏமாற்றும். கார் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 55 வாட், மெக்கானிக் கடையில் கிடைக்கும். அதை ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக மாட்டி எரியவிட்டு, எரியும்போதே அளந்து பாருங்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள், சுடும். நல்ல பேட்டரி ஐந்து நிமிடம் கழித்தும் 12-ஐ ஒட்டி நிற்கும். பழசானது சில நொடிகளிலேயே 11-க்குக் கீழே சரியும். பல்பைக் கழற்றினால் ஒன்றுமே தெரியாதது போல மறுபடி 12.5-க்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும்! மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

கெட்டது ஒன்றுதான் என்று தெரிந்தால், அதை மட்டும் மாற்றினால் பாதிச் செலவு மிச்சமாகுமே என்று தோன்றும். எங்கள் தெருவில் வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்யும் அக்கா ஒருவருக்குக் கடையில் அப்படித்தான் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் யு.பி.எஸ். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய திருமண அழைப்பிதழ் ஒன்றை அவர் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. "புது பேட்டரிதானே தம்பி, அது எப்படிப் போகும்?" என்றார். திறந்து பார்த்தேன். பழையது 10.6 வோல்ட் காட்டியது. புதியதோ வயிறு வீங்கித் தட்டிலிருந்து வெளியே வர மறுத்தது.

காரணம் எளிது. சார்ஜருக்கு இரண்டு பேட்டரி இருப்பது தெரியாது. அது மொத்தமாக 27.4 வோல்ட் கொடுக்கும். 12 அறைகளும் நன்றாக இருந்தால் ஒரு பேட்டரிக்கு 13.7. ஒரு அறை ஷார்ட் ஆகிவிட்டால் அதே 27.4-ஐ 11 அறைகள்தான் பங்கிட வேண்டும். நல்ல பேட்டரியின் ஆறு அறைகளுக்கு ஏறத்தாழ 15 வோல்ட் போய்ச் சேரும். இரவும் பகலும் இப்படி ஓவர் சார்ஜ் ஆனால் உள்ளே ஈரம் வற்றி, சூடேறி, வீங்கும். வீங்கிய பேட்டரியைப் படுக்கையறையில் வைத்திருப்பது நல்லதல்ல. கண்ட அன்றே யு.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள்.

எனவே மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ஏ.எச்., முடிந்தால் ஒரே மாதத்தில் தயாரானவை. கடையிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.5-க்குக் கீழே காட்டினால் வெகு நாள் அலமாரியில் தூங்கிய சரக்கு, வேண்டாம். புதுசு இரண்டையும் போட்ட பிறகும், 10 மணி நேரம் சார்ஜ் செய்த பின் இரண்டும் ஒரே மாதிரி 12.2-லேயே நின்றால் பழுது சார்ஜரில். அது டெக்னீஷியன் வேலை.

பழையவற்றைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். 2022-ஆம் வருட பேட்டரிக் கழிவு விதிகளும் இவற்றைக் குப்பையோடு கலக்கக் கூடாது என்கின்றன. பேட்டரி கடையில் கொடுத்தால் பெரும்பாலும் எடைக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதாக இருந்தால், முழு சார்ஜ் செய்து அணைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாரையாவது ஒரு நாள் பிளக்கைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.