கடைமடையின் உரிமை

நுழையும்முன்

ஓர் ஆறு பல நிலங்களைக் கடந்து கடலில் கலக்கிறது. அதன் நீர் தலைமடையில் இருப்பவருக்கு உரியதா, கடைமடையில் காத்திருப்பவருக்கு உரியதா? இவ்வினாவிற்கு விடை தேடும் கல்வித்துறையே நீர்ச்சட்டம். அதன் அடிப்படைகளைக் கடலூர் மாவட்டத்தின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

ஆறுகள் முடியும் நிலம்

கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கடலூருக்கு அருகில் கடலை அடைகிறது. காவிரியின் கிளையான கொள்ளிடம் சிதம்பரத்திற்குத் தெற்கே கடலில் கலக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836இல் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு நீர் வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருவான இவ்வேரி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதி வயல்களை வாழ்விக்கிறது. குடகில் பெய்யும் மழைக்கும் இவ்வயல்களுக்கும் இடையே மேட்டூர், முக்கொம்பு, கீழணை எனப் பல வாயில்கள் உள்ளன. அவை திறந்தால்தான் கடைமடை நனையும்.

மூன்று கோட்பாடுகள்

ரியோ கிராண்டே ஆற்றுநீர் குறைந்ததாக மெக்சிகோ முறையிட்டபோது, அமெரிக்காவின் தலைமைச் சட்ட அலுவலர் ஜட்சன் ஹார்மன் 1895இல் ஒரு கருத்துரைத்தார். தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்பதே அது. ஆற்றின் இயல்பான ஓட்டத்தை மேற்பகுதியினர் குறைக்கவே கூடாது என்பது அதற்கு நேர்மாறான கோட்பாடு. இரண்டும் ஒரு தரப்பை மட்டுமே காப்பவை.

இவற்றுக்கு இடைப்பட்டது நேரிய பகிர்வு. 1966இல் உருவான ஹெல்சிங்கி விதிகள் இதனை வலியுறுத்தின. நிலவமைப்பு, காலநிலை, பழைய பயன்பாடு, மக்களின் தேவை, மாற்று நீராதாரம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டே பங்கு முடிவாக வேண்டும். 1997இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையும் இக்கோட்பாட்டைக் கொண்டது. அது 2014இல் நடைமுறைக்கு வந்தது.

காவிரித் தீர்ப்பு

நாடுகளுக்கிடையே வளர்ந்த இக்கோட்பாடு மாநிலங்களுக்கிடையேயும் பயன்பட்டது. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், 2007இல் தமிழ்நாட்டிற்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, எந்த மாநிலமும் ஆற்றைத் தனியுரிமை கொண்டாட இயலாது என்றது. அதே தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. ஆனது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கருதியும், 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்காகவும் குறைக்கப்பட்டன.

இத்தீர்ப்பு உணர்த்துவது யாது? கடைமடையின் உரிமை இரக்கத்தால் வருவதன்று, கணக்கால் நிறுவப்படுவது. ஆற்றில் வந்த நீர், நிலத்தடியில் உள்ள நீர், பயிர் கேட்கும் நீர் ஆகியவற்றை அளந்து காட்டுவோரின் வழக்கே நிற்கும். எனவே நீர்ச்சட்டம் பயில்வோர், சட்டத்துடன் நீரியலையும் வேளாண்மையையும் கற்க வேண்டும்.

திரும்பும் வினா

2004 முதல் வீராணத்து நீர் சென்னைக்கும் குடிநீராகச் செல்கிறது. காவிரிக்குக் கடைமடையான நிலம், சென்னைக்குத் தலைமடையாகிறது. மேலிருப்போரிடம் கேட்ட நியாயத்தை இப்போது அந்நிலமும் வழங்க வேண்டியுள்ளது. தன் வயல்களின் தேவையையும் காக்க வேண்டியுள்ளது. எங்கு நின்று கேட்டாலும் ஒரே விடை தருவதே அறம். நீர்ச்சட்டம் நாடுவதும் அதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வூர்களைக் கடந்து வருகிறது என அறிந்து, அதன் வழித்தட வரைபடம் ஒன்றை உருவாக்குக.