லேபிளில் இல்லாத கண்ணி

இரண்டு லெகிங்ஸ். இரண்டின் லேபிளிலும் ஒரே வரி: பாலியெஸ்டர் 88, ஸ்பான்டெக்ஸ் 12. காலை ஓட்டத்துக்காக இதை எழுதுபவர் ஒரே வாரத்தில் வாங்கியவை. நாலாவது மாதம் ஒன்றின் முழங்கால் பைபோலத் தொங்கிவிட்டது. தொடை உரசும் இடமெல்லாம் பிசிறு உருண்டை. மற்றது இரண்டாவது வருஷமும் ஓடுகிறது.

விடை திருப்பூரில் கிடைத்தது. வட்டப் பின்னல் மெஷின் அருகே நின்றிருந்த நிட்டிங்காரர் இரண்டையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். தொங்கியதைக் காட்டி, "இது சிங்கிள் ஜெர்சிங்க. அது இன்டர்லாக்குங்க." அவ்வளவுதான். மெஷின் பக்கம் போய்விட்டார்.

சிங்கிள் ஜெர்சியை ஒரே வரிசை ஊசியில் பின்னுகிறார்கள். லேசு, மலிவு. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் ஏணிபோலக் கீழே இறங்கும். இன்டர்லாக்கில் இரண்டு வரிசை ஊசிகள். இரண்டு ரிப் பின்னல்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. நூலும் கூட, விலையும் கூட. குனிந்து நிமிர்ந்தாலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கடையில் கண்டுபிடிப்பது சுலபம்: இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இன்டர்லாக், வெளியே சின்னச் சின்ன 'V' வடிவக் கோடுகள் போலவும் உள்ளே பிறைபிறையாகவும் தெரிந்தால் சிங்கிள் ஜெர்சி.

அதற்காக எல்லாமே இன்டர்லாக் என்று கிளம்பினால் வெயிலில் வேகவேண்டியதுதான். ஓடும்போது போடும் பனியனுக்கு மெல்லிய சிங்கிள் ஜெர்சியே சுகம்.

அந்த உருண்டைகளுக்குக் காரணம் வேறு. கடையில் கைக்குப் பூப்போல இருந்த துணி, மேற்பரப்பைப் பிரஷ் செய்து மெத்தென்று ஆக்கியது. அறுந்த இழைமுனைகள் உரசி உரசி உருள்கின்றன. பருத்தியில் உருண்டை உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் வலுவான இழை, விடாமல் பிடித்துக்கொள்ளும். கை மயங்கி வாங்கியதன் விலை!

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்பார்கள். 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டி எடை போட்டு, நூறால் பெருக்குவார்கள், 2.2 கிராம் என்றால் 220. இதை மட்டும் நம்பக் கூடாது. தடித்த நூலைத் தளர்வாகப் பின்னினாலும் மெல்லிய நூலை நெருக்கிப் பின்னினாலும் இதே எண் வரலாம். நெருக்கிப் பின்னியதுதான் உழைக்கும். துணியை நன்றாக இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

துவைப்பதிலும் பாதி ஆயுள் இருக்கிறது. டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸுக்குச் சூடும் குளோரினும் ஆகாது. இஸ்திரி, பிளீச்சிங், வாஷிங் மெஷினின் சூடான டிரையர் மூன்றையும் தவிர்க்கலாம். மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். இழைமேல் படிந்து வியர்வை பரவுவதைக் கெடுக்கும். உள்பக்கம் திருப்பி, ஜீன்ஸோடு சேர்க்காமல் துவைத்தால் போதும்.

பருத்தி இயல்பாகவே காற்றிலிருந்து சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். முழங்கால் தொங்கிய லெகிங்ஸ் இப்போது பைக் துடைக்கும் துணி. அந்த வேலையையும் சரியாகச் செய்வதில்லை.