‘இரத்தத்தைப் பார்க்கிறேன்’ என்றவருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: தளவானூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதை நாங்கள் சொல்லாமலே சொன்னார். இனி மாத்திரை வேண்டாம், விசுவாசித்தால் போதும் என்றார். பிறகு, “ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற உங்கள் மகனின் வழியில் இரத்தத்தைப் பார்க்கிறேன்” என்றார். அதைத் தடுக்க நாற்பது நாள் உபவாச ஜெபமாம், நாற்பதாயிரம் காணிக்கையாம். வெளியே சொன்னால் ஜெபத்தின் பலன் போய்விடுமாம். அதற்கு முந்தின வாரம்தான் கோபத்தில் மகனைப் பார்த்து, “எங்கேயாவது போய்ச் சாவுடா” என்று சொல்லியிருந்தேன். நாவுக்குக் கொல்லுகிற அதிகாரம் உண்டு என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். என் வாய்தான் அவனுக்கு எமனாகிவிட்டதா? மல்லாட்டை போட்ட காசு கையில் இருக்கிறது. கொடுத்துவிடட்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மகன் வழக்கம்போல வேலைக்குப் போகட்டும். வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் நாளைக் காலையிலேயே செஞ்சி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டர் சொல்கிறபடி மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுமீறினால் கண்ணையும் சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் அரிக்கும். மாத்திரையை நிறுத்தச் சொன்னதை மட்டும் வைத்தே அந்த மனிதரின் மற்றப் பேச்சை நான் ஓரமாக வைத்துவிடுவேன். ஆனால் உங்கள் பயம் அவ்வளவு சுலபமாகப் போகாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாய். ‘கருநாக்கு’ என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. சிலர் சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். அந்தப் பழைய பயத்தோடு, அமெரிக்காவில் இ.டபிள்யூ. கென்யன், கென்னத் ஹேகின் போன்றவர்கள் போன நூற்றாண்டில் பரப்பிய ‘வாயால் அறிக்கையிட்டதே நடக்கும்’ என்ற போதனை புத்தகமாகவும் டி.வி. நிகழ்ச்சியாகவும் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்தால் ஒரு தாய்க்குத் தூக்கம் வருமா?

வேதத்தில் மோவாபின் ராஜா பாலாக் கூலி பேசி அழைத்து வந்த பிலேயாமுக்கே சபிக்க வாய் வரவில்லை. காரணமில்லாத சாபம் யார் மேலும் வந்து இறங்காது என்று நீதிமொழிகள் 26ஆம் அதிகாரமே சொல்கிறது. பிலேயாமாலேயே முடியாதது, அடுப்படியில் நின்று அலுத்துப்போய்க் கத்திய உங்களால் முடியும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நாக்கு கொல்லும் என்பது உண்மைதான். அது எப்படிக் கொல்லும் என்பதை நாபோத்தின் கதையில் பாருங்கள். இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், ஊரார் நம்பினார்கள், கல்லெறிந்தார்கள், அவன் செத்தான். வார்த்தை மனிதர்களின் மனசு வழியாகத்தான் வேலை செய்கிறது. காற்றில் பறந்துபோய் ஒரகடம் ரோட்டில் லாரியைத் திருப்பிவிடாது. உங்கள் சொல் புண்படுத்தியிருந்தால் அது மகனின் மனசைத்தான். அதற்கு உபவாசம் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி அவன் ஷிஃப்ட் முடிந்து போன் பண்ணும்போது, “அன்னைக்குக் கோவத்துல சொல்லிட்டேன்டா, மனசுல வெச்சுக்காத” என்று சொல்லுங்கள்.

இனி அந்த ஊழியக்காரருடைய வாய்க்கு வருவோம்.

தீர்க்கதரிசனமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதை அற்பமாக எண்ணக் கூடாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்கிறார். கொரிந்து சபைக்கு அவர் வகுத்த முறை இன்னும் தெளிவு: இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். அப்படியானால் கேட்கிறவர்களுக்கும் அங்கே ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘வெளியே சொல்லாதே’ என்றவர் அந்த வேலையை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். செஞ்சிக் கமிட்டியில் உங்கள் நெல்லை ஒரு கை அள்ளி ஈரப்பதம் பார்த்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்களா? சோதிக்கிறதைப் பார்த்துச் சீறுகிற வார்த்தையை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது காசு. எச்சரிக்கை என்பது வேதத்தில் நிறைய இருக்கிறது. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார் யோனா. அந்த ஊர் மனந்திரும்பியது, தப்பியது. யோனாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா காணிக்கையைத் தொடவே மறுத்தார். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கிய கேயாசிக்கு வெள்ளியும் துணியும் கிடைத்தன, குஷ்டமும் கிடைத்தது.

‘திதாகே’ என்று ஒரு சின்னக் கையேடு உண்டு, மிகப் பழமையானது. கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறைகளில் சபைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்தது. பல நூறு ஆண்டு காணாமல் கிடந்து 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய சுவடிக்கட்டில் அகப்பட்டது. ஊர் ஊராக வருகிற தீர்க்கதரிசிகளை என்ன செய்வது என்பதுதான் அந்தச் சபைகளின் பெரிய தலைவலி போலிருக்கிறது. வழிப்போக்க ஊழியர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளர். புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்குமான அப்பம் கொடுத்தால் போதும். பணம் கேட்டால் கள்ளர். ஆவியில் நிறைந்ததாகச் சொல்லிக்கொண்டு தனக்குப் பணம் கேட்பவனுக்குக் காது கொடுக்க வேண்டாம். வேறு ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் அவனைக் குற்றம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்தவரை அந்தக் கையேட்டை எழுதிய கிழவர்கள் வாசலிலேயே எடைபோட்டிருப்பார்கள்.

ஏழைகளுக்காகக் கேட்பதற்கும் வேதத்தில் முன்மாதிரி இருக்கிறது. அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று சொன்னபோது அந்தியோகியா சபையார் அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் சேர்த்தார்கள். பணம் அகபுவின் பைக்குப் போகவில்லை. யூதேயாவில் கஷ்டப்படுகிறவர்களுக்காக, பர்னபா, சவுல் என்ற இரண்டு பேர் கையில், மூப்பர்களிடம் போய்ச் சேர்ந்தது. யாருக்கு, யார் கையில், யாரிடம் என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது.

உங்களுக்குச் சொல்லப்பட்டதில் இன்னொரு தந்திரம் உண்டு. பணம் கொடுத்து மகனுக்கு ஒன்றும் ஆகவில்லையானால், ‘என் ஜெபம் தடுத்தது’. கொடுக்காமல் இருந்து, கடவுளே, ஏதாவது ஆகிவிட்டால், ‘நான்தான் சொன்னேனே’. எப்படிப் போனாலும் அவருக்கு ஜெயம். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்று உபாகமம் 18 வைத்த அளவுகோலை இப்படிப்பட்ட பேச்சின் மேல் வைக்கவே முடியாது. அனனியா பொய்த் தீர்க்கதரிசிதான், ஆனாலும் இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும் என்று கெடு வைத்துச் சொன்னான். எரேமியா புத்தகம் அதை மாதத்தோடு குறித்து வைத்திருக்கிறது. நீங்களும் குறித்து வையுங்கள்: தேதி, சொன்ன வார்த்தை, கேட்ட தொகை, பக்கத்தில் இருந்தவர்கள். சத்துருமல்லன் என்ற பட்டம் கொண்ட மகேந்திரவர்மன் தன் குகைக்கோயிலைப் பற்றி உங்கள் ஊர்ப் பாறையில் வெட்டி வைத்ததை 1400 வருஷம் கழித்தும் நாம் படிக்கிறோம். உங்களுக்கு ஒரு கோடுபோட்ட நோட்டு போதும். எழுதி வைத்த பேச்சை மாற்றிச் சொல்வது கஷ்டம்.

தேதி சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் கதை உண்டு. பக்கத்துத் திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் ஜோசப் என்ற குருவானவர், பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த படித்த மனிதர், நல்ல பாட்டுக்காரர், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஜனங்கள் நம்பிக் காத்திருந்தார்கள். நாள் கடந்தது. ஆவிக்குரிய விதத்தில் வந்துவிட்டார் என்று விளக்கம் மாறியது. யுயோமயம் என்று தனிச் சபையே உண்டாயிற்று. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, தானும் சேர்ந்து நம்பியவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தென்கொரியாவின் லீ ஜாங் ரிம் கதை வேறு. 1992 அக்டோபர் 28-ல் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்றார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், சொத்தைக் கொடுத்தார்கள். அவர் வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்களோ 1993 மே மாதம் முதிர்வடைகிறவை. கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

‘சர்க்கரை வியாதியைச் சொன்னாரே’ என்பீர்கள். கூட்டத்துக்கு முன்னால் ஜெபக் குறிப்புச் சீட்டு எழுதினீர்களா? சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டார்களா? அவரைக் கூட்டி வந்தவர் வழியில் என்ன பேசினார்? ஜன்னல் ஓரத்தில் மாத்திரை அட்டை கிடந்ததா? இவை எதுவுமே இல்லையென்று வையுங்கள். அப்போதும், சொன்ன அடையாளம் நடந்தாலும் அவன் எங்கே இழுக்கிறான் என்று பார் என்கிறது உபாகமம் 13. இவர் டாக்டரை விட்டும் சபையை விட்டும் உங்களை இழுக்கிறார்.

உண்மையான அழைப்பு எப்படி இருக்கும்? பக்கத்துத் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் கதவைத் தட்டினார்கள், பிரசவத்தில் தவிக்கிற மனைவிகளுக்காக. அவர் அப்போது டாக்டர் அல்ல. ஆண் டாக்டரான அப்பாவை அவர்கள் உள்ளே விடவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்ட அந்தப் பெண் யாருக்கும் கட்டளை போடவில்லை. அமெரிக்கா போனார், மருத்துவம் படித்தார், 1899-ல் பட்டம் வாங்கினார், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார்.

அந்த ஊழியக்காரர் திரும்பப் போன் செய்தால் சண்டை போடாதீர்கள். “ஐயா, நீங்க சொன்னதை எங்க பாஸ்டர்கிட்டயும் மூப்பருங்ககிட்டயும் சொல்லிட்டோம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வந்து அவங்க எதிர்ல சொல்லுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு போன் நின்றுவிடும். சாபம் விடுவேன், குடும்பம் அழியும் என்று மிரட்டினால், தெய்வகோபத்தைக் காட்டி ஒருவரை ஒன்றைச் செய்ய வைப்பதற்கே பாரதிய நியாய சன்ஹிதாவில் 354ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு வருஷம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

மகன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறானா, பைக்கிலா என்று நீங்கள் எழுதவில்லை. பைக் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பின் டயரையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். மல்லாட்டைக் காசில் அதற்குப் போக மீதி நிறையவே இருக்கும்.