எக்ஸெல் பாடம்: காற்றாலையில் எத்தனை பறவை அடிபடுகிறது? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எக்ஸெல்லைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடிவிட்டுப் பாட்டுக் கேட்கப் போயிருப்பீர்கள். வீட்டுச் செலவுக் கணக்கு, மொய்க் கணக்கு என்று எக்ஸெல்லில் எத்தனையோ செய்யலாம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான கணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

கோரிமேட்டில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புதிதாக லேப்டாப் வாங்கியிருந்தார்கள். எக்ஸெல் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். விடுமுறைக்கு நாகர்கோவில் போய் வந்திருந்த அந்த வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "மாமா, ஆரல்வாய்மொழிகிட்ட ரயில்ல போகும்போது எங்க பார்த்தாலும் காத்தாடி சுத்துது. பறவைங்க அதுல அடிபடாதா?"

அவள் அப்பா உடனே செல்போனை நீட்டினார். அதில் இரண்டு செய்திகள். ஒன்று, "காற்றாலைகள் பறவை இனத்தையே அழிக்கின்றன" என்றது. மற்றொன்று, "பூனைகள் கொல்வதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, எல்லாம் கட்டுக்கதை" என்றது. "இதில் எது சார் உண்மை?" என்றார். எக்ஸெல்லைத் திறக்கச் சொன்னேன். அன்று போட்ட இரண்டு கணக்குகள்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் சில செய்திகள்

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986ல் தூத்துக்குடி அருகே தொடங்கியது. பிறகு முப்பந்தல், ஆரல்வாய்மொழி, உடுமலைப்பேட்டை என்று கணவாய்க் காற்று வீசும் இடங்களில் பரவி, இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. நிலக்கரி எரிக்காமல், புகை இல்லாமல் கிடைக்கும் மின்சாரம். ஆகவே காற்றாலை வேண்டாம் என்று சொல்வதற்கல்ல இந்தப் பாடம்.

ஆனால் ஆபத்தும் உண்மை. தூரத்தில் இருந்து பார்த்தால் இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரியும். பெரிய காற்றாலைகளில் இறக்கையின் முனை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். கழுகு, பருந்து போன்றவை தரையில் இரை தேடியபடி பறக்கும். எதிரே வருவதை அவை கவனிப்பது குறைவு.

அடிபடுவது மட்டும்தான் பாதிப்பு என்பதும் இல்லை. மகாராஷ்டிரத்தில் சதாரா அருகே உள்ள சால்கேவாடி மேட்டு நிலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் அவரது குழுவினரும் ஆய்வு செய்து 2018ல் வெளியிட்டார்கள். காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் மற்ற இடத்தைவிட சுமார் நான்கு மடங்கு குறைவாக இருந்தன. பிடித்துத் தின்னும் பறவை குறைந்ததால் ஓணான் வகை ஒன்று அங்கே பெருகி, பயமும் விட்டுப்போய்த் திரிந்தது. ஒரு பறவை குறைந்தால் கீழே உள்ள எல்லாமே மாறுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

சரி, எத்தனை பறவை அடிபடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காற்றாலையின் அடியில் நடந்து, விழுந்து கிடப்பவற்றை எண்ணுவார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. ஏன் என்பதுதான் முதல் கணக்கு.

கணக்கு 1: கிடைத்தது வேறு, செத்தது வேறு

ஒரு காற்றாலையின் அடியில் வாரம் ஒருமுறை தேடி, ஓர் ஆண்டில் 6 பறவைகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். (பாடத்தில் கட்டங்களில் போடும் எண்கள் எல்லாம் பழகுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை.) மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, புல்லுக்குள் கிடப்பது எல்லாம் கண்ணில் படாது. தேடுபவர்களுக்குச் சொல்லாமல் 20 பறவை உடல்களைப் போட்டு வைத்துச் சோதிப்பார்கள். 10ஐக் கண்டுபிடித்தால் விகிதம் 0.5.

இரண்டாவது, நாய், நரி, காக்கை எடுத்துப் போய்விடும். போட்டு வைத்த 20ல் அடுத்த தேடல் வரை 8 மிஞ்சினால் விகிதம் 0.4.

மூன்றாவது, முள்புதர், பள்ளம் என்று சில இடங்களில் கால் வைக்க முடியாது. நூறில் 75 பங்கு இடத்தில்தான் தேடினார்கள் என்றால் 0.75.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து புதிய ஒர்க்ஷீட் ஒன்றை எடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். செய்முறை ஒன்றுதான்.

1. ஏ1 செல்லில் (முதல் வரிசை, முதல் கட்டம்) "கிடைத்தவை" என்று டைப் செய்யுங்கள். பக்கத்தில் பி1 செல்லில் 6 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. ஏ2ல் "கண்ணில் பட்டது", பி2ல் 0.5. ஏ3ல் "மிஞ்சியது", பி3ல் 0.4. ஏ4ல் "தேடிய இடம்", பி4ல் 0.75.

3. ஏ6ல் "உத்தேச இழப்பு" என்று டைப் செய்யுங்கள். அடுத்து பி6 செல்லில் கிளிக் செய்து சமக் குறியைத் (=) தட்டுங்கள். இனிச் செல்லின் பெயரை டைப் செய்யத் தேவையில்லை. பி1 செல்லை மவுஸால் கிளிக் செய்தால் அதுவே வந்து உட்காரும்.

4. வகுத்தல் குறி (/), தொடக்க அடைப்புக்குறி தட்டுங்கள். பி2ஐ கிளிக் செய்து பெருக்கல் குறி (*), பி3ஐ கிளிக் செய்து மீண்டும் பெருக்கல் குறி, பி4ஐ கிளிக் செய்து அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டுங்கள்.

விடை 40 என்று வரும். கிடைத்தது 6, உத்தேச இழப்பு 40!

அடைப்புக்குறி போட மறந்தால் என்ன ஆகும்? செய்து பாருங்கள். 3.6 என்று வரும். கிடைத்ததைவிடச் செத்தது குறைவாக இருக்க முடியுமா? விடையைப் பார்த்தவுடன் "இது நடக்கக்கூடியதா" என்று ஒரு நொடி யோசியுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

இப்போது பி3ல் உள்ள 0.4ஐ 0.2 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். விடை தானாகவே 80 ஆகும். நாய்கள் அதிகம் திரியும் ஊரில் கிடைக்கும் 6ம், நாய்களே இல்லாத இடத்தில் கிடைக்கும் 6ம் ஒன்றல்ல. அடுத்து பி1ல் 0 போடுங்கள். விடையும் 0. ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு ஒன்றும் சாகவில்லை என்று பொருள் இல்லை. நாம் கொடுத்ததை வைத்துத்தான் பார்முலா கணக்குப் போடும் என்பதை மறக்க வேண்டாம். ஆய்வாளர்கள் போடும் கணக்கு இதைவிட விரிவானது. அடிப்படை இதுதான்.

பூனைக் கணக்கு

இனி அந்தப் பூனைச் செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் 2013ல் வெளிவந்த ஆய்வுகளின்படி, அங்கே பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன. காற்றாலைகளில் அடிபடுபவை சில லட்சத்துக்குள். ஆகவே அந்தச் செய்தியில் சொன்ன ஒப்பீடு தவறில்லை. ஆனால் பூனை பிடிப்பது பெரும்பாலும் சிட்டு போன்ற சிறு பறவைகளை. எந்தப் பூனையும் கழுகைப் பிடிப்பதில்லை. சிட்டு ஆண்டுக்குப் பல முட்டையிட்டுச் சீக்கிரம் பெருகும். கழுகு ஒன்றிரண்டு முட்டைதான் இடும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கணக்கில் தெரியும்.

கணக்கு 2: இருபது ஆண்டு கழித்து எத்தனை இருக்கும்?

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் எடுங்கள்.

1. ஏ1ல் "தொடக்கம்", பி1ல் 150. ஏ2ல் "வளர்ச்சி", பி2ல் 0.03 (அதாவது ஆண்டுக்கு 3 சதவீதம்). ஏ3ல் "ஆண்டு இழப்பு", பி3ல் 10.

2. ஏ5ல் "ஆண்டு", பி5ல் "எண்ணிக்கை" என்று தலைப்பு கொடுங்கள்.

3. ஏ6ல் 0, ஏ7ல் 1 டைப் செய்யுங்கள். இரண்டு செல்களையும் சேர்த்து செலக்ட் செய்தால் வலது கீழ் மூலையில் சிறிய சதுரப் புள்ளி தெரியும். அதைப் பிடித்து ஏ26 வரை இழுங்கள். 20 வரை எண்கள் தானாக நிரம்பும்.

4. பி6ல் சமக் குறி தட்டி பி1ஐ கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 150 வரும்.

5. பி7ல் சமக் குறி. பி6ஐ கிளிக் செய்யுங்கள். கூட்டல் குறி. மீண்டும் பி6, பெருக்கல் குறி, பி2. இங்கே நிறுத்தி எப்4 கீயை ஒருமுறை தட்டுங்கள். செல் பெயரில் டாலர் குறிகள் வரும். பிறகு கழித்தல் குறி, பி3, மீண்டும் எப்4, என்டர்.

6. பி7ன் மூலைப் புள்ளியைப் பிடித்து பி26 வரை இழுத்து விடுங்கள்.

டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது செல் பெயர்களும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். பி6க்கு அது தேவை. போன ஆண்டின் எண்ணிக்கையைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் வளர்ச்சியும் இழப்பும் ஒரே இடத்தில் இருப்பவை. டாலர் குறி அவற்றை ஆணி அடித்து நிறுத்துகிறது. (சில லேப்டாப்களில் எப்4 தட்டினால் வேறு ஏதாவது நடக்கும். அப்போது எப்என் கீயை அழுத்திக்கொண்டு எப்4 தட்டுங்கள்.)

முடிவைப் பாருங்கள். முதல் ஆண்டு 144.5, பத்தாம் ஆண்டு சுமார் 87, இருபதாம் ஆண்டு 2. அதாவது அந்த இனம் அந்த இடத்தில் முடிந்தது.

இனி பி2ல் 0.1 என்று மாற்றுங்கள். இழப்பு அதே 10தான். ஆனால் இருபதாம் ஆண்டில் 436 என்று வரும்! (இரையும் இடமும் ஓரளவுக்கு மேல் பெருக விடாது என்பது வேறு விஷயம்.) ஆண்டுக்குப் பத்துச் சாவு வேகமாகப் பெருகும் பறவைக்குத் தாங்கக்கூடியது. மெதுவாகப் பெருகும் பறவைக்கு அதுவே முடிவு. "மொத்தம் எத்தனை" என்று மட்டும் சொல்லும் செய்தி எந்தப் பக்கம் பேசினாலும் அரைகுறைதான்.

படமாகப் பார்க்க பி5 முதல் பி26 வரை செலக்ட் செய்து, இன்சர்ட் பகுதியில் சார்ட் என்பதில் லைன் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இது வெறும் பயிற்சியா?

இல்லை. 150 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் எஞ்சியுள்ள கானமயில்கள் ஏறத்தாழ அவ்வளவுதான். பெரும்பாலானவை ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பகுதியில் வாழ்கின்றன. ஆண்டுக்குப் பொதுவாக ஒரே ஒரு முட்டை. உடல் கனம், நேர் எதிரே பார்வை குறைவு. காற்றாலை, சூரிய மின் நிலையங்களில் இருந்தும் மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகளில்தான் இவை அதிகம் மோதுகின்றன. தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. அந்தப் பெரிய எண்ணுக்குள் கானமயில் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். ஆனால் நம் ஷீட்டில் பார்த்தபடி அதற்கு அதுவே அதிகம். கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி 2021ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது முடியாது என்ற வாதத்தை ஏற்று 2024ல் உத்தரவை மாற்றி, நிபுணர் குழு அமைத்தது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. நார்வேயில் ஸ்மோலா என்ற தீவில் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் காற்றாலைகளில் பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நான்கே காற்றாலை என்பதால் எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று இன்னும் சோதிக்க வேண்டும். இலங்கையில் மன்னார் தீவில் 2020ல் தொடங்கிய 30 காற்றாலைகள், குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளின் பாதையில் நிற்கின்றன. அங்கே பறவைகளைக் கவனிக்க ராடார் வைத்திருக்கிறார்கள்.

பெயிண்ட் அடித்ததை நம் ஷீட்டிலும் செய்து பார்க்கலாம். பி2ல் மீண்டும் 0.03 போடுங்கள். 10ல் 70 சதவீதம் குறைந்தால் 3. பி3ல் 3 போட்டு என்டர் தட்டுங்கள். இருபதாம் ஆண்டில் 2 என்று நின்ற இடத்தில் 190! கீழே சரிந்த கோடு மேலே திரும்பியிருக்கும். அந்தப் பெண் இதைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு வரை கோடு ஏறுகிறது, ஐந்தில் இறங்குகிறது என்று அவளேதான் கண்டுபிடித்தாள்.

கவனிக்க

ஒரு செய்தியில் பறவைச் சாவு பற்றி எண் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பறவை? கிடைத்ததா, திருத்திக் கணக்கிட்டதா? அந்த இடத்தில் முன்பு எத்தனை இருந்தது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் யாராவது முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். கோரிமேட்டுப் பக்கம் காற்றாலை கிடையாது. ஆனால் வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் ஊசுடு ஏரி வந்துவிடும். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இ-பேர்ட் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். பார்த்த தேதி, இடம், பறவை, எண்ணிக்கை என்று நான்கு பத்திகளில் உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்.

பைலை சேவ் செய்ய கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயைத் தட்ட மறக்காதீர்கள்.